பேட்டரி இல்லாமல் பேர் சொல்லும் ஸ்டிக்கர்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர் போச்சு, சிங்கப்பெருமாள் கோவில் போச்சு. அடுத்தது பரனூர் சுங்கச்சாவடி. முன்னால் நீளமான வரிசை. கார் மெல்ல ஊர்ந்து கம்பத்தடிக்கு வருகிறது. அப்பா பர்ஸை எடுக்கவில்லை, ஜன்னலைக்கூட இறக்கவில்லை. குறுக்கே கிடந்த கட்டை தானாக எழுந்து வழிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அவர் போனில் ஒரு குறுஞ்செய்தி: பணம் கழிந்துவிட்டது!

இந்த வேலையைச் செய்தது முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர். இந்தியாவில் 2014-ல் அறிமுகமாகி, 2021 பிப்ரவரி மாத நடுவில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமானது. அதைத் தடவிப் பாருங்கள். அட்டைக் கனம்தான். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. பிறகு எப்படி அது கம்பத்துக்குத் தன் எண்ணைச் சொல்கிறது?

இதற்கு விடை தேட, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். இரவில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும்போது, சாலையில் பதித்த வில்லைகள் பளிச் பளிச்சென்று மின்னும். பூனைக்கண் என்பார்கள். அவற்றுக்குள் பல்பு எதுவும் இல்லை. நம் வண்டியின் வெளிச்சம்தான் அவற்றில் பட்டு நம்மிடமே திரும்பி வருகிறது.

ஃபாஸ்டேக்கும் ஒரு பூனைக்கண்தான். ஆனால் அது திருப்பி அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையை. சுங்கச்சாவடியில் வண்டிக்கு மேலே பொருத்தியிருக்கும் பெட்டிதான் ரீடர். அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை அனுப்புகிறது. அதாவது நொடிக்கு 86 கோடி தடவைக்கு மேல் துடிக்கும் அலை! அதன் ஒரு அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். உங்கள் பெரிய ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஸ்டிக்கருக்குள் மெல்லிய உலோகத் தகட்டில் ஓர் ஆன்டெனாவும், கடுகைவிடச் சிறிய சிப்பும் இருக்கின்றன. அலை வந்து பட்டதும் ஆன்டெனாவில் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியே சிப் விழித்துக்கொள்ளப் போதும். விழித்ததும் அது என்ன செய்கிறது? வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடியிருப்பீர்களே, அந்தக் கண்ணாடியைக் கையால் மூடி மூடித் திறந்தால் சுவரில் வெளிச்சம் விட்டுவிட்டு வரும் அல்லவா? அப்படித்தான் சிப்பும், வருகிற அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கூட்டல் குறைச்சல்தான் அதன் பேச்சு. ரீடர் அதை எண்ணாகப் படித்துக்கொள்கிறது.

இந்தத் தந்திரம் பழையது. 1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் மாளிகைச் சுவரில் அது 7 ஆண்டுகள் தொங்கியது. 1952-ல்தான் உள்ளே ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது! அதிலும் பேட்டரி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டுமே அது வேலை செய்யும். செய்தவர் லியோன் தெரமின் என்ற விஞ்ஞானி.

சரி, இப்போது நீங்கள்தான் இன்ஜினீயர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில், வந்து நிற்கும் லாரி, கார்களை அடையாளம் கண்டு கதவைத் திறக்க ஒரு ரீடர் வாங்க வேண்டும். எதை வாங்குவீர்கள்?

மூன்று வகை இருக்கின்றன. 125 கிலோஹெர்ட்ஸ் வகை சில சென்டிமீட்டர் தூரம்தான் படிக்கும். ஆனால் ஈரம் அதற்கு ஒரு தடையே இல்லை. ஏறக்குறைய இதே வகைச் சிப்பைத்தான் நாய், பூனைகளின் தோலுக்கடியில் வைக்கிறார்கள். 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை, நாம் தொட்டுக் காட்டும் அட்டைகளுக்கு. லாரி டிரைவர் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து அட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே நமக்கு வேண்டியது ஃபாஸ்டேக் வகைதான். அது பல மீட்டர் தூரம் படிக்கும்.

“அப்படியானால் ரொம்ப ரொம்பத் தூரம் படிக்கும் ரீடரையே வாங்கிவிடலாமே?” என்பீர்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்! ஐந்து வண்டி தள்ளி நிற்கும் லாரியின் எண்ணைப் படித்துவிட்டு, முன்னால் நிற்கும் வேறொரு வண்டிக்குக் கதவைத் திறந்துவிட்டால்? சுங்கச்சாவடியாக இருந்து, பக்கத்து வரிசைக் காரின் கணக்கில் பணம் போய்விட்டால்? வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’வை எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது. ரீடருக்கும் அதே தொல்லை உண்டு. அதனால் ஒவ்வொரு சிப்பும் மனத்துக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொண்டு, அந்த முறை வரும்போது மட்டும் பேசும்படி விதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒவ்வொன்றாகப் பேசினாலும், வாசலில் நிற்பது எது என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. நாம்தான் ரீடரின் பார்வையை அந்த ஒரு வண்டி மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும்.

இன்னும் சில சிக்கல்கள். காரின் கண்ணாடி தாழ்வாக இருக்கும், டிரெய்லர் லாரியின் கண்ணாடி உயரத்தில் இருக்கும். இரண்டுமே ரீடரின் பார்வையில் விழ வேண்டும். அலை கண்ணாடியைத் தாண்டிவிடும்; உலோகத்தைத் தாண்டாது. சில கார்களில் வெயிலைத் தடுக்கக் கண்ணாடியிலேயே உலோகப் பூச்சு இருக்கும். அங்கே ஸ்டிக்கர் திணறும். தூரமும் விளையாடும். தூரம் இரண்டு மடங்கானால், போகிற அலை நான்கில் ஒன்றாகும். திரும்பும்போது மறுபடியும் நான்கில் ஒன்றாகும். மொத்தத்தில் வந்து சேருவது 16-ல் ஒரு பங்குதான்!

வீட்டில் செய்து பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, நண்பனை ஒரு சின்னக் கண்ணாடியோடு எதிரே நிற்க வையுங்கள். நீங்கள் டார்ச் அடியுங்கள். ஒளி உங்கள் பக்கம் திரும்பும்படி அவன் கண்ணாடியைப் பிடித்து, விரலால் மூடி மூடித் தன் வகுப்பு எண்ணைச் சொல்லட்டும். இனி இரண்டு நண்பர்களை அடுத்தடுத்து நிற்க வைத்து, ஒருவன் சொல்வதை மட்டும் படிக்கப் பாருங்கள். கட்டாயம் டார்ச்சைச் சாய்ப்பீர்கள்.

அடுத்த முறை பரனூர் வரும்போது ஜன்னல் வழியே மேலே பாருங்கள். ரீடர் பெட்டி நெடுஞ்சாலையை நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் குனிந்து உங்கள் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ஏன் என்று இனி நீங்களே அப்பாவுக்குச் சொல்லலாம்.