திரை காட்டும், கற்றுத்தருவது யார்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இன்று ஒரே தையல் வரிசையில் ஐந்தாறு மொழிகள் கேட்கின்றன. பவர் டேபிளில் டெய்லர் தமிழ்நாட்டுக்காரர் என்றால், ஓவர்லாக்கில் ஒடிசாக்காரர், செக்கிங்கில் ஜார்க்கண்ட் பெண், அயர்னிங்கில் பீகார் இளைஞர். இருபது வருட அனுபவம் உள்ளவரும் போன வாரம் ரயிலிறங்கிய கைமடியும் (உதவியாளர்) பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் சேர்த்துப் பயிற்சி தர, செல்போன் செயலிகளும் டேப்லெட் பாடங்களும் மெஷினில் ஒட்டும் க்யூஆர் கோடுகளும் வருகின்றன.

வரவேற்க வேண்டிய மாற்றம்தான். உதாரணமாக, ஊசி உடைந்தால் அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்து ஒப்படைத்த பிறகே புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு குழந்தையின் சட்டையில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை, அவசரத்தில் சூப்பர்வைசர் போடும் சத்தத்தைவிட இரண்டு நிமிட வீடியோ தெளிவாகப் புரியவைக்கும். மறந்தால் திரும்பவும் பார்க்கலாம்.

நான்கு படிகள்

ஆனால், காட்டுவது மட்டுமே கற்றுத்தருவது ஆகாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்கு, மெஷினையே பார்த்திராத பெண்களும் கிராமத்தினரும் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். அவர்களை விரைவில் பழக்க 1940-ல் அரசு தொடங்கிய திட்டம் ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’. அது வகுத்த நான்கு படிகள்: கற்பவரின் பயத்தைப் போக்கித் தயார்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்யவிட்டுப் பார், பிறகும் தொடர்ந்து கவனி. தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பித்தவர்தான் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. போருக்குப் பின் இந்த முறை ஜப்பானிய ஆலைகளிலும் வேரூன்றியது.

இந்த நான்கில் திரையால் நன்றாகச் செய்ய முடிவது, இரண்டாவதை மட்டுமே. மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். டேப்லெட் வந்துவிட்டது என்று பயிற்சியாளரைக் குறைக்கும் நிர்வாகம், நான்கில் மூன்று பங்கை இழக்கிறது.

எந்த மொழி, யாருடைய நேரம்?

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி போட்டால் போதும் என்ற நினைப்பு முதல் தடை. ஜார்க்கண்டிலிருந்து வருபவரின் வீட்டு மொழி சந்தாலியாகவோ முண்டாரியாகவோ இருக்கலாம்; ஒடிசாவிலிருந்து வருபவருடையது குயியாக இருக்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய ‘பாஷிணி’ போன்ற மொழிபெயர்ப்பு வசதிகள் இங்கே ஓரளவு உதவலாம். ஆனால், அதே மொழி பேசும் தொழிலாளி ஒருவர் கேட்டுச் சரியென்று சொன்ன பிறகே பாடம் வரிசைக்கு வர வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுபவருக்கு, எழுத்தைவிடக் குரலும் படமும்தான் வழி.

அடுத்தது, கூலி. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் திரை முன் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். டீ நேரத்தில் பாருங்கள், ரூமுக்குப் போய்ப் பாருங்கள் என்றால், வீடியோ ஓடும். கண் வேறெங்கோ இருக்கும். பயிற்சி நேரமும் வேலை நேரமே. அதற்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

மூத்த டெய்லர்களின் தயக்கத்தையும் மதிக்க வேண்டும். கைவேலையில் தேர்ந்தவர், செயலியில் தடுமாறி எல்லோர் முன்னாலும் குறைந்த மதிப்பெண் வாங்கினால், அடுத்த முறை டேப்லெட்டைத் தொடவே மாட்டார். செயலியை அறிமுகப்படுத்தும்போதே அவரைப் பயிற்சியாளராக அமர்த்திப் பாருங்கள். அவர் கை செய்வதைப் படம்பிடித்தால் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எதை அளப்பது?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் அளந்தால் போதாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது. விழிப்புணர்வுப் பயிற்சியையும் முதலாளியின் கடமையாக்குகிறது. இதற்கான வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று கணினி கணக்குக் காட்டலாம். குழுவில் இருப்பது யார், அவரிடம் எந்த மொழியில் பேசலாம், புகார் சொன்னால் வேலை போகாதா என்று கைமடிப் பெண் ஒருத்திக்குத் தெரியாவிட்டால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

ஆகவே, பயிற்சிக் கருவியை வாங்கும் முன்பே சோதியுங்கள். விற்க வருபவர் மேலாளரின் அறையில் செய்துகாட்டுவது போதாது. வரிசைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வந்து சில நாளே ஆன, தமிழும் இந்தியும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவருக்குப் பயன்படும் கருவி எல்லோருக்கும் பயன்படும். அவரைக் கைவிடும் கருவிக்குச் செலவிடும் பணத்தை, நல்ல பயிற்சியாளர் ஒருவரின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.