வெள்ளரி இலையைத் திருப்பிப் பாருங்கள்

வெள்ளரி இலையில் ஒரு புள்ளி விழுந்தால் போதும், மாடித்தோட்டக்காரர்களின் கை வேப்பெண்ணெய் பாட்டிலுக்குப் போய்விடும். அசுவினிக்கும் அதுதான், பூஞ்சைக்கும் அதுதான், சத்து போதாமல் வெளுத்த இலைக்கும் அதுதான். நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் வந்திருப்பது என்னவென்று பார்க்காமல் அடித்தால் எண்ணெய்க் காசுதான் நஷ்டம்.

காலை ஈரம் காய்வதற்குள் மாடிக்குப் போய், புள்ளி விழுந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் திட்டுகள் நரம்பைத் தாண்டாமல் கட்டம் கட்டமாக நின்று, அதே இடத்தின் அடிப்புறத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பூசணம் சரியாகத் தெரியாது. இலையில் நிற்கும் ஈரம்தான் இதற்குத் தீனி; ஐப்பசி அடைமழையில் பந்தல் மொத்தமும் கருகிவிடும். பூவாளியால் தலையோடு தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். வேரில் ஊற்றுங்கள், அதுவும் காலையில். நோய் கண்ட அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, கொடியைக் காற்றாடப் பந்தலில் ஏற்றுங்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தெளிப்பதென்றால் நோய் பரவுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

சாம்பல் நோய் இதற்கு நேர் எதிர். கோலமாவு சிந்தினாற்போல் இலையின் மேல்புறம் வெளுக்கும். இது பரவ இலை நனைய வேண்டியதே இல்லை. மழை ஓய்ந்த தை, மாசியிலும் நிழல் விழும் மூலையிலும் தலைகாட்டும். இதற்குப் பால் கேட்கும் என்றால் சிரிப்பார்கள். பிரேசில் ஆராய்ச்சியாளர் வாக்னர் பெட்டியோல் சுக்கினிச் செடிகளில் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துப் பார்த்து, 1999-ல் முடிவை வெளியிட்டார். பால் 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தபோது, வழக்கமான பூஞ்சைக்கொல்லிகளுக்குக் குறையாமல் நோய் கட்டுப்பட்டிருந்தது. ஒரு டம்ளர் பாலுக்கு ஒன்பது டம்ளர் தண்ணீர், வாரம் ஒருமுறை. அடிச்சாம்பலுக்கு இதை நம்பி உட்கார வேண்டாம். யாராவது கந்தகத் தூளைத் தூவச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெள்ளரிக் குடும்பத்துக்கு அது ஆகாது, இலை பொசுங்கும்.

பூச்சிகளில் முதல் எதிரி சிவப்புப் பூசணி வண்டு. வித்திலை விரிந்ததுமே வந்து சல்லடையாக்கிவிடும். விடிகாலையில் மந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் உள்ளே விழும். வெயில் வந்தபின் போனால் பறந்துவிடும். நாற்றுக்குக் கொசுவலை கட்டலாம். பூ வந்ததும் எடுத்துவிடுங்கள், தேனீ வந்தால்தான் பிஞ்சு. இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்பதால், செடிப் பையின் மேல்மண்ணை அவ்வப்போது லேசாகக் கிளறிவிடுவது நல்லது.

இலையில் வெள்ளைக் கோடு கிறுக்கியிருந்தால் இலைத்துளைப்பான். அந்த இலையைக் கிள்ளினால் முடிந்தது.

அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும்தான் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை வேளையில், இலையின் அடிப்புறம் நனைய. ஆனால் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து கொழுந்து சுருங்கிவிட்டால் அது வைரஸ் நோய், அதற்கு எந்த மருந்தும் இல்லை. அசுவினி சில நொடி உறிஞ்சினாலே வைரஸ் அடுத்த செடிக்குப் போய்விடும், பக்கத்துத் தக்காளி, மிளகாய்க்கும்தான். பூ விட்டிருக்கிறதே என்று பாவம் பார்க்காமல் பிடுங்குங்கள்.

இலையெல்லாம் நன்றாக இருந்தும் பிஞ்சு கோணி அழுகினால் அது பழ ஈயின் வேலை. கடையில் மாமரத்துக்கு விற்கும் மீத்தைல் யூஜினால் பொறியை நீட்டுவார்கள். வெள்ளரியைக் குத்தும் ஈ அதற்கு வராது, கியூ லூர் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் ஆண் ஈதான் சிக்கும். ஆகவே குத்துப்பட்ட பிஞ்சுகளை உரத்தொட்டியில் போடாமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, உள்ளே இருக்கும் புழு சாகும்வரை சில நாள் மொட்டைவெயிலில் போட்டு வையுங்கள்.