உங்களுக்குத் தெரியுமா? தறி இரண்டு காதையும்தான் கெடுக்கும்!

● ஆர்.கே.பேட்டையில் ஒருவருக்குக் காது மந்தம் என்றால் பழி நேரே விசைத்தறி மேல்தான் விழும். நியாயமான பழிதான். நாடா ஓடுகிற தறிக்கொட்டகையில் சத்தம் 100 டெசிபெல் வரை போகும். நம் தொழிற்சாலை விதிகளின்படி அந்த அளவுச் சத்தத்தில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான் இருக்கலாம். தறி ஓட்டுகிறவரோ ஷிஃப்ட் முழுக்க அங்கேதான் நிற்கிறார். ஆனால், சுற்றிலும் தறி ஓடுகிற இடத்தில் சத்தம் இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அரிக்கும். 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகள் முதலில் போகும். பேச்சு புரியாமல் போவது அப்புறம்தான். ஒரு காது மட்டும் மற்றதைவிட வெகுவாக மோசம் என்றால் அது தறி மட்டும் செய்த வேலை இல்லை.

● பின்னே வேறென்ன? சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி ஒரு காதை மட்டும் கொண்டுபோயிருக்கலாம். சீழ் வடிந்து வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். அரிதாகச் சிலருக்குக் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி மெல்ல வளரும். அது புற்றுநோய் இல்லை, ஆனாலும் கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டு காதுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதுவது இதற்காகத்தான். காது மிஷின் வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

● நேற்று ராத்திரி வரை கேட்ட காது காலையில் கேட்கவில்லையா? எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று போவது அவசரக் கேஸ். ஸ்டீராய்டு மருந்தை 2 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் காது திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. திருத்தணியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. திருவள்ளூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

● காதுப் பரிசோதனை சீட்டில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. மிஷினிலும் அதே நிறம்தான்: சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவில் ஒலி வைத்திருக்கும்போது மாற்றி மாட்டினால் நல்ல காதில் சத்தம் இடி மாதிரி விழும்.

● ஒரு காது சுத்தமாகச் செத்திருந்தாலும் பரிசோதனையில் அது பாதி கேட்பதாகப் பதிவாகக்கூடும்! ஹெட்போனில் கொடுக்கிற ஒலி ஏறத்தாழ 40 டெசிபெல்லைத் தாண்டினால் மண்டையோடு வழியாக எதிர்ப்பக்கம் கசியும். நல்ல காது அதைக் கேட்டுவிடும், ஆளும் கையைத் தூக்கிவிடுவார். இதைத் தடுக்க, சோதனையின்போது நல்ல காதில் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலை ஓடவிட வேண்டும். காதுகள் இரண்டும் வெவ்வேறாக இருந்தும் அந்த இரைச்சல் போடவே இல்லை என்றால் அந்தச் சீட்டை நம்பி மிஷின் வாங்காதீர்கள்.

● ‘பீப்’ கேட்டால் போதுமா? போதாது. சொற்களைச் சொல்லி, எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ் என்று புழங்குகிற குடும்பங்கள் நிறைய. தெலுங்கிலேயே வளர்ந்த பாட்டிக்குத் தமிழ்ச் சொல் பட்டியலை வைத்துச் சோதித்தால் காதுக்கு மார்க் குறையும், குற்றம் மொழியில் இருக்கும். எந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்று கூடப்போகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

● இனி எல்லாரும் கேட்கிற கேள்வி: “ஒண்ணுதான் வாங்க முடியும், எந்தக் காதுக்கு வாங்குறது?” மோசமான காதுக்குத்தான் என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. நல்ல காது மிஷின் இல்லாமலே சமாளிக்கிறது, மோசமான காதில் சொல் ஓரளவு தெளிவாகப் புரிகிறது என்றால் மோசமான காதுக்கே போடலாம். இரண்டுமே வெகுவாகக் குறைந்திருந்தால் சொல் தெளிவாகப் புரிகிற காதுக்குப் போடுவதுதான் பயன். சத்தம் கேட்கிறது, சொல் மட்டும் குழம்புகிறது என்கிற காதுக்கு எவ்வளவு விலையுள்ள மிஷினைப் போட்டாலும் குழப்பம்தான் பெரிதாகும். சிலருக்கு அது நல்ல காதின் வேலையையும் கெடுத்துவிடும். என்னைக் கேட்டால், விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் இந்தச் சொல் மார்க்கைத்தான் கேட்டு வாங்குவேன்.

● முடிந்தால் இரண்டு. 1984-ல் அமெரிக்காவில் வெளியான சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் ஆய்வு பிரபலமானது. இரண்டு காதும் மந்தமாகி ஒரு காதில் மட்டும் மிஷின் மாட்டியவர்களுக்கு, மாட்டாத காதின் சொல் புரியும் திறன் சில ஆண்டுகளில் சரிந்திருந்தது. இரண்டிலும் மாட்டியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

● இரண்டு காது இரண்டு விதம் என்றால் இரண்டு கம்பெனி மிஷின் வேண்டுமா? வேண்டாம். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில், காதுக்குள் போகும் ஸ்பீக்கரை மட்டும் சக்திக்கேற்ப மாற்றிப் போடலாம். மோசமான பக்கம் அளவெடுத்துச் செய்த அச்சு, நல்ல பக்கம் காற்றுப் போகிற சிறு ரப்பர் மூடி. ஜோடியாக இருந்தால்தான் ஒரு பக்கம் பொத்தானை அழுத்தினால் மறுபக்கமும் கூடவே மாறும்.

● ஒரு காது முழுவதும் போனவர்களுக்கு ‘கிராஸ்’ என்று ஒரு வகை உண்டு, 1965-லிருந்தே இருக்கிறது. கேட்காத காதில் மைக், கேட்கிற காதில் ஸ்பீக்கர். கேட்கிற காதும் கொஞ்சம் மந்தம் என்றால் ‘பைகிராஸ்’. பஸ்ஸில் கேட்காத பக்கம் உட்கார்ந்திருப்பவர் பேசுவது இதில் கேட்கும். திசை மட்டும் தெரியாது. சோளிங்கர் ரோட்டில் ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து என்று மூளை கண்டுபிடிப்பது, ஒலி இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் வைத்துத்தான். அந்த நேர வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கிராஸ் போட்டாலும் கேட்பது ஒரே காதுதானே!

● சீழ் வடிகிற காதை அச்சு வைத்து அடைத்தால் சீழ் கூடும். அப்படிக் காது உள்ளவர்களுக்கு எலும்பு வழியாக ஒலி அனுப்பும் மிஷின் உண்டு.

● ஒரு காது முழுச் செவிடாக இருந்தாலும் மாற்றுத்திறனாளி சலுகை கிடைக்காது! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதையும் பார்க்கிறது. சதவீதம் போடும்போது நல்ல காதுக்கு 5 பங்கு, மோசமான காதுக்கு 1 பங்கு, கூட்டி 6-ஆல் வகுக்க வேண்டும். ஒரு காது 100, மறு காது 0 என்றால் வருவது 17-கூட இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்குத் தேவை 40. ஒரு பக்கம் கேட்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் சிரமம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

● பேட்டரிக்கும் நிறம் உண்டு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இரண்டு பக்கமும் வேறு வேறு மிஷின் என்றால் வேறு வேறு பேட்டரி தேவைப்படலாம். ஸ்டிக்கரை உரித்ததும் மாட்டாமல் ஓரிரு நிமிடம் காற்றில் வையுங்கள். காற்று பட்டால்தான் அது வேலை செய்யும்.

● மிஷின் பொருத்துகிறவரிடம் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லையும் பாருங்கள்: காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.