சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் பி.சி.ஜி. நுண்ணுயிரியும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் 55 வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. 40 வயதுக்கு உட்பட்டோரிடம் அரிது. அதனாலேயே இளைஞர்களுக்கு வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வந்தால், நீர்க்கடுப்பு அல்லது கல் என்று எண்ணி நாள் கடத்துவதுண்டு. இரத்தம் ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகைபிடித்தலே இந்நோய்க்கு முதன்மைக் காரணம்.

தசைக்குள் பரவாத, ஆனால் மீண்டும் வரக்கூடிய கட்டியை அகற்றிய பின், உயிருள்ள பி.சி.ஜி. நுண்ணுயிரியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவர். அது உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றணுக்களைத் தாக்கச் செய்கிறது. கனடாவில் ஆல்வாரோ மொராலஸ் 1976இல் இம்முறையை வெளியிட்டார்.

பி.சி.ஜி. இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். வளர்ப்பில் கட்டிகட்டியாகத் திரளும். உறையவைத்து உலர்த்துகையில் ஒரு பகுதி இறந்துவிடும். எனவே விளைச்சலைக் கூட்டுவது எளிதன்று. உலகளவில் தட்டுப்பாடும் நேர்ந்துள்ளது. சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வகம் காசநோய்த் தடுப்பூசிக்காக வளர்த்ததும் இதே நுண்ணுயிரியைத்தான்.