எண்ணைச் சொல்லாக்கும் நினைவுக் கருவி: கடபயாதி முதல் கணினி நிரல் வரை

நீண்ட எண் ஒன்றை அப்படியே மனப்பாடம் செய்வது கடினம். அதே எண்ணை நாலைந்து சொற்களாக மாற்றிவிட்டால் அது எளிதாக நினைவில் நிற்கும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் சில எழுத்துகளை ஒதுக்கி, அவ்வெழுத்துகளைக் கொண்டு சொல் அமைத்து, அச்சொல் வழியாக எண்ணை நினைவுகூரும் முறைக்கு எண்–எழுத்து நினைவுமுறை என்று பெயர். கொடுத்த எண்ணுக்குப் பொருந்தும் சொற்களைத் தேடித் தரும் சிறு கணினி நிரல்கள் ஆங்கிலத்தில் பல உள்ளன. அத்தகைய நிரல் எப்படி வேலை செய்கிறது, நம் நாட்டில் இம்முறை எவ்வாறு வழங்கியது, தமிழுக்கு அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எண்கள் ஏன் மறக்கின்றன?

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், மனிதர் ஒரே நேரத்தில் உடனடி நினைவில் வைத்திருக்கக்கூடியவை சுமார் ஏழு உருப்படிகள் என்று எடுத்துக்காட்டினார். பத்து இலக்கக் கைபேசி எண் இந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆனால் உருப்படி என்பது ஓர் இலக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு முழுச் சொல்லும் ஓர் உருப்படியே. பத்து இலக்கங்களை ஐந்து சொற்களாக்கினால் சுமை பாதியாகிறது. மேலும், சொல்லுக்குப் பொருளும் உருவமும் உண்டு. 17 என்ற எண்ணை மனக்கண்ணில் பார்க்க முடியாது; கிளியைப் பார்க்கலாம்.

கடபயாதி முறை

இந்தியாவில் இம்முறையின் பழைய வடிவம் கடபயாதி எனப்படும். கேரளத்திலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் வானியல், கணிதம், இசை ஆகிய துறைகளில் இது பெரிதும் பயன்பட்டது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது அண்டை வீட்டுச் சொத்து.

வடமொழி, மலையாள எழுத்து வரிசையில் க, ட, ப, ய என்ற நான்கு எழுத்துகளும் 1ஐக் குறிக்கும். அவற்றிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் கடபயாதி என்ற பெயர். பொது விதிகள் மூன்று:

- ஞ, ந ஆகியவையும் தனித்து வரும் உயிரெழுத்துகளும் 0.
- கூட்டெழுத்தில் கடைசி மெய் மட்டுமே கணக்கில் சேரும்.
- கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகப் பெயர்கள் இதற்கு நல்ல சான்று. பெயரின் முதலிரண்டு எழுத்துகளே மேள எண்ணைச் சொல்லிவிடும். மேசகல்யாணியில் மே 5, ச 6. திருப்பிப் படித்தால் 65. மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. தீரசங்கராபரணத்தில் தீ 9, ர 2; திருப்பினால் 29. சக்கரவாகம் போன்ற சில பெயர்களில் மட்டும் கூட்டெழுத்தின் முதல் மெய்யைக் கொண்டால்தான் சரியான எண் (16) வரும்.

வடகேரளத்துக் கடத்தநாட்டைச் சேர்ந்த சங்கரவர்மன் 1819இல் இயற்றிய 'சத்ரத்னமாலா' என்ற நூலில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பையின் மதிப்பு 314159265358979324 என்ற பதினெட்டு இலக்கங்களாகக் கடபயாதிச் சொற்களில் பொதிந்துள்ளது. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி 'நாராயணீயம்' நூலை முடித்த நாளையும் அவ்வாறே குறித்தார். நூலின் முடிவில் ஆயுளும் உடல்நலமும் இன்பமும் வேண்டும் சொற்றொடரை எண்ணாக மாற்றினால் 1712210 என்ற கலிநாள் எண் கிடைக்கும். அது கி.பி. 1586ஆம் ஆண்டின் இறுதியில் அமைகிறது.

புதுச்சேரியில் ஒரு கிரகணக் கணக்கு

இம்முறை தமிழர் கையில் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஜான் வாரன் என்பவர் எழுதி 1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்ற ஆங்கில நூல் சான்று. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாரனுக்குச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி வைத்தார். தேவையான அட்டவணை எண்கள் யாவும் செயற்கையான சொற்கள், அசைகள் வடிவில் அவர் மனத்தில் இருந்தன. 1825 மே 31 – ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரத்தில் இருந்த பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை இருந்தது. நினைவிலிருந்த எண்களையும் சோழிகளையும் மட்டுமே கொண்டு செய்த கணக்கு இது. வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபாயர் 1952இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

மேலைநாட்டு முறை

ஐரோப்பாவில் பிரெஞ்சுக் கணிதர் பியேர் எரிகோன் 1634இல் இதுபோன்ற ஒரு முறையை வெளியிட்டார். பலர் திருத்தி, 19ஆம் நூற்றாண்டில் அது இன்றைய வடிவத்தை அடைந்தது. 'மேஜர் முறை' என்று இன்று அழைக்கப்படும் அதில் த, ட ஒலிகள் 1, ந ஒலி 2, ம ஒலி 3, ர ஒலி 4, ல ஒலி 5 என்று போகும். உயிரொலிகளுக்கு மதிப்பு இல்லை. ஆங்கில நிரல்கள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

தமிழுக்கு நேரே பொருந்தாதது ஏன்?

கடபயாதியில் நான்கு வகைக் ககரங்களுக்கு 1, 2, 3, 4 என்று தனித்தனி மதிப்பு. தமிழில் எழுத்து ஒன்றே. கனகாங்கி முதல் மேளம். கானமூர்த்தி மூன்றாம் மேளம். தமிழில் எழுதினால் இரண்டும் க, ன என்றே தொடங்குகின்றன. எது 1, எது 3 என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாக் ககரத்தையும் 1, எல்லாச் சகரத்தையும் 6 என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. 1க்கு க, ட, ப, ய என நான்கு எழுத்துகள் குவியும்; 7க்கும் 8க்கும் கிரந்த எழுத்துகளைத் தவிர வேறு எழுத்தே இருக்காது. ஆகவே தமிழின் 18 மெய்களைப் புதிதாகப் பங்கிட வேண்டும்.

ஒரு தமிழ் அட்டவணை

எளிதில் நினைவில் நிற்கும்படி இக்கட்டுரைக்காக வகுத்த பங்கீடு இது:

- 1: க (தமிழ் எண் ௧ ககர வடிவம்)
- 2: ர (இரண்டு)
- 3: ம (மூன்று)
- 4: ந, ன, ண, ங, ஞ (நான்கு)
- 5: த (ஐந்து)
- 6: ற, ச (ஆறு, சகரம் துணை)
- 7: ழ, ல, ள (ஏழு)
- 8: ட (எட்டு)
- 9: ப (ஒன்பது)
- 0: வ (வெற்றிடம்)

விதிகள்: உயிர்மெய் எழுத்துகள் மட்டுமே எண்ணப்படும். புள்ளி வைத்த எழுத்துக்கும், தனி உயிருக்கும், யகரத்துக்கும் மதிப்பில்லை. ஜ, ஷ, ஸ மூன்றும் சகரத்தோடு சேரும்; ஹகரத்துக்கு மதிப்பில்லை. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

புதுக்கடை என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள். பு 9, து 5, க் இல்லை, க 1, டை 8, ஆக 9518. தக்கலை 517. மார்த்தாண்டம் 358. குளச்சல் 176. மாணவர்கள் தங்கள் ஊர்ப்பெயரை இவ்வாறு எண்ணாக்கிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் அட்டவணை பழகிவிடும்.

நிரல் செய்யும் வேலை

இதற்கான நிரலைப் பள்ளியில் பைத்தான் படிக்கும் மாணவரே எழுதலாம். படிகள் நான்கு:

1. தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைப் படித்தல். அகராதித் தலைச்சொற்கள், குறிப்பாகக் கண்ணால் காணும் பொருள்களின் பெயர்கள், ஏற்றவை.
2. ஒவ்வொரு சொல்லையும் எண்ணாக மாற்றுதல். யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடாக இருப்பதால் இது எளிது: மெய்க்குறியீட்டை அடுத்துப் புள்ளி வந்தால் அதை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். உயிர்க்குறிகளைப் பொருட்படுத்த வேண்டாம்.
3. ஒரே எண் தரும் சொற்களை ஒன்றாக அடுக்கிவைத்தல். 17 என்ற தலைப்பின்கீழ் கலை, காலை, காளை, கிளி, குழி, கொலு எல்லாம் வரும்.
4. பயனர் தரும் எண்ணைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சொற்களைக் காட்டுதல்.

நான்காம் படியில்தான் கவனம் தேவை. முதலில் கிடைக்கும் மிக நீண்ட சொல்லை எடுத்துக்கொண்டே போனால், மிச்சப் பகுதிக்குப் பொருத்தமான சொல் கிடைக்காமல் போகலாம். ஆகவே வெட்டும் வழிகளை ஒப்பிட்டுக் குறைந்த சொற்களில் முடியும் வழியைத் தேர வேண்டும். எந்த எண்ணும் விடுபடாமலிருக்க ஓரிலக்கச் சொற்கள் பத்து காவலாக இருக்கட்டும்: ஆவி 0, கை 1, ஏரி 2, ஆமை 3, யானை 4, தீ 5, ஊசி 6, இலை 7, ஆடு 8, பூ 9.

சங்கரவர்மனின் பதினெட்டு இலக்கங்களையே எடுத்துக்கொள்வோம். 31 முகம், 41 நகம், 59 தபால், 26 ரசம், 53 தமிழ், 58 தட்டு, 97 பலா, 93 பூமி, 24 ராணி. ஒன்பதே சொற்கள். இனி இவற்றைக் கோப்பது மனிதர் வேலை. முகம் பார்த்துக்கொண்டே ஒருத்தி நகம் கடிக்கிறாள், தபால் வருகிறது, அதன்மேல் ரசம் கொட்டிவிடுகிறது, நனைந்த தாளில் தமிழ் மட்டும் தெரிகிறது, தாளைத் தட்டில் வைக்கிறாள், தட்டில் பலா, அதன் கொட்டை பூமியில் விழுகிறது, முளைத்த மரத்தடியில் ராணி அமர்கிறாள். கதை எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நன்றாக நிற்கும். படிமத்தைத் தானே உருவாக்கியவருக்கே அது ஆழப் பதியும். நிரல் சொற்களைத் தேடித் தரும், அவ்வளவே.

எங்கே உதவும்?

கைபேசி தொலைந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ, கடன் வாங்கிய கைபேசியில் எந்த எண்ணை அழுத்துவது? வீட்டு எண்கூடத் தெரியாதவர் இன்று பலர். குறைந்தது இரண்டு குடும்ப எண்களும் சில உதவி எண்களும் மனத்தில் இருப்பது நல்லது.

- குழந்தைகள் உதவி எண் 1098: காவிப் பட்டு.
- இணையப் பணமோசடி புகார் எண் 1930: கப்பை மாவு (மரச்சீனிக் கிழங்குக்கு மலையாள வழக்கில் கப்பை).
- கடலோரக் காவல் படை உதவி எண் 1554: கத்தி, தேனீ. கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது.

வரலாற்று ஆண்டுகள், அணு எண்கள், மாறிலிகள் ஆகியவற்றுக்கும் இம்முறை பயன்படும்.

கவனிக்க வேண்டியவை

சொல்லை அகராதி வடிவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தபால் 59, வேற்றுமை உருபு சேர்ந்து தபாலை என்றானால் 597. கல் என்பது 1. பேச்சு வழக்கில் கல்லு என்றால் 17. கதை சொல்லும்போது உருபுகள் வந்தாலும், எண்ணாக்கும்போது தலைச்சொல்லையே கொள்ள வேண்டும்.

வங்கி அட்டையின் இரகசிய எண், ஆதார் எண், கடவுச்சொல் ஆகியவற்றை இணையத்தில் இயங்கும் எந்தக் கருவியிலும் உள்ளிடக் கூடாது. அவற்றுக்கான சொற்களைக் கையால் அமைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்புறம் எழுதிவைக்காதீர்கள். அட்டவணை தெரிந்த எவரும் சொல்லை எண்ணாக்கிவிடுவார்.

கடைசியாக, நினைவு வேறு, அறிவு வேறு. புதுச்சேரிக் கணிதர் வானியல் கோட்பாடு எதையும் அறிந்தவரல்லர் என்றே வாரன் எழுதுகிறார். அவர் நினைவாற்றல் வியப்புக்குரியது. ஆனால் கிரகணம் ஏன் நிகழ்கிறது என்பதற்கு அவருடைய சொற்களில் விடை இல்லை. பையின் பதினெட்டு இலக்கங்களைச் சொல்லும் மாணவர், ஒரு தட்டையும் நூலையும் எடுத்துச் சுற்றளவையும் விட்டத்தையும் ஒருமுறை அளந்து பார்க்கட்டும். அப்போதுதான் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதும் அவருக்கு விளங்கும்.