பக்கத்தில் எதிரி இல்லாத கார் பந்தயம்!

கார் பந்தயம் என்றதும் கண் முன்னே என்ன தோன்றுகிறது? இருபது முப்பது கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். சத்தம் காதைப் பிளக்கும். ஓட்டுகிறவர்கள் லட்சாதிபதிகளாக இருப்பார்கள்.

ஆனால் அமெரிக்காவில் வேறு விதமான கார் பந்தயம் ஒன்று நடக்கிறது. அதில் ஒரு கார் இன்னொரு காரை முந்துவது இல்லை. பாங்கி குமாஸ்தா, பள்ளி ஆசிரியை, தச்சர், கல்லூரி மாணவர், பேரன் பேத்தி எடுத்த தாத்தா எல்லோரும் அதில் கலந்துகொள்கிறார்கள். வாரம் முழுவதும் வேலைக்குப் போய் வந்த அதே கார்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தயக் கார்!

இந்தப் போட்டிக்கு "ஆட்டோகிராஸ்" என்று பெயர்.

கூம்புகளே பாதை

இதற்குப் பெரிய பந்தயத் திடல் தேவை இல்லை. கார்கள் நிறுத்தும் விசாலமான மைதானம் போதும். அல்லது பழைய விமான ஓடுபாதை போதும். அங்கே ஒன்றரை அடி உயரமுள்ள ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைக்கிறார்கள். கூம்புகளுக்கு நடுவே பாம்பு போல வளைந்து செல்வதுதான் பாதை.

கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வேகம் மணிக்கு 60 மைலைத் தாண்டுவது அபூர்வம். நெடுஞ்சாலையில் எல்லோரும் போகும் வேகம்தான் அது. ஆனால் நெடுஞ்சாலையில் இத்தனை வளைவுகள் கிடையாது!

புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒளிக்கதிர்க் கருவி இருக்கிறது. அது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரத்தைக் கணக்கிடும்.

ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் தரையில் கட்டம் போட்டிருப்பார்கள். கார் இடித்துக் கூம்பு சாய்ந்தாலும், கட்டத்தை விட்டு முழுவதும் வெளியே போனாலும், இரண்டு வினாடி அபராதம். இடிபட்ட கூம்பு நகர்ந்தாலும் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் அபராதம் இல்லை. பாதையை விட்டு விலகிப் போனால் அந்த ஓட்டமே செல்லாது.

ஒரு சிறுவனின் உயிர்

அமெரிக்காவில் அமெச்சூர் கார் பந்தயக்காரர்களின் பெரிய சங்கம் 1944-ல் தொடங்கியது. "ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா" என்பது அதன் பெயர். 1948-ல் நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் பந்தயம் ஆரம்பமாயிற்று. தனித் திடல் ஏது? ஊர்த் தெருக்களிலேயே கார்கள் பறந்தன. ஜனங்கள் தெரு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

1952-ல் விபரீதம் நடந்துவிட்டது. ஒரு கார் கூட்டத்தின் மேல் மோதியது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிர் இழந்தான். பலர் காயம் அடைந்தார்கள். அதோடு அந்த ஊர்த் தெருக்களில் பந்தயம் நின்றது.

1952 முதல் 1954 வரை சங்கத்தின் பல பந்தயங்கள் விமானப் படைத் தளங்களின் ஓடுபாதைகளில் நடந்தன. நம் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்திலும் பழைய விமான ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தன என்பது நினைவிருக்கலாம்.

வேகத்துக்கு ஆசைப்படுவது மனித சுபாவம். அந்த ஆசையைத் தெருவில் தீர்த்துக்கொண்டால் யாரோ ஒருவருடைய குழந்தை பலியாகிறது. அந்த ஆசைக்குத் தெருவை விட்டு ஒதுங்கிய ஓர் இடம் வேண்டும். ஆட்டோகிராஸ் அப்படிப்பட்ட இடம்.

குழந்தையின் பொம்மையும் ஆபத்து!

ஓர் ஆசிரியை போட்டிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, காரில் உள்ள சாமான்களை வெளியே எடுத்து வைப்பது. தண்ணீர்ப் புட்டி, குடை, காலடி விரிப்பு, குழந்தையின் பொம்மை எல்லாம் இறங்க வேண்டும். ஏன்? வளைவில் திரும்பும்போது ஒரு புட்டி உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டால் காரை நிறுத்த முடியாது!

பிறகு பரிசோதனை. சக்கரத்தின் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? பாட்டரி ஆடாமல் இருக்கிறதா? பிரேக் சரியாகப் பிடிக்கிறதா? எல்லாம் பார்ப்பார்கள். தலைக்கவசமும் இடுப்பு வாரும் கட்டாயம். கவிழக்கூடிய உயரமான வண்டிகளுக்கு அனுமதி கிடையாது.

அடுத்தபடியாகப் பாதையைக் கால்நடையாகச் சுற்றி வர வேண்டும். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை. எந்த இடத்தில் பிரேக் போடுவது, எந்த இடத்தில் திருப்புவது என்று மனப்பாடம் செய்ய வேண்டும்.

பழகியவர்கள் புதியவர்களுக்கு இரண்டு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள்.

முதல் பாடம் கண்ணுக்கு. பக்கத்தில் உள்ள கூம்பைப் பார்க்காதே. அடுத்த கூம்பைப் பார். கண் போகும் இடத்துக்குக் கை போகும். கை போகும் இடத்துக்குக் கார் போகும்.

இரண்டாவது பாடம் காலுக்கு. டயருக்கு உள்ள பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. பிரேக் போடுவதற்கும் அந்தப் பிடிப்புத்தான் வேண்டும். திரும்புவதற்கும் அதுதான் வேண்டும். ஒரே ஆள் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கினால் தடுமாறுவான் அல்லவா? டயரும் அப்படித்தான். ஆகவே நேரான பாதையிலேயே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள். பிறகு திரும்பு.

மூன்று ஓட்டம்

பல தடவை ஓட்டலாம். அவற்றில் மிகக் குறைந்த நேரம் எதுவோ அதுதான் கணக்கு.

ஆசிரியை முதல் தடவை 61.4 வினாடியில் வந்துவிடுகிறார். ஆனால் ஒரு கூம்பு சாய்ந்துவிட்டது. அபராதத்தோடு 63.4. அவரோடு போட்டியிடும் குமாஸ்தாவின் நேரம் 62.9.

இரண்டாவது தடவை ஆத்திரம் வந்துவிடுகிறது. காரை விரட்டுகிறார். 60.8 வினாடி! ஆனால் அவசரத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டார். அந்த ஓட்டம் செல்லாது.

மூன்றாவதுதான் கடைசி. இந்தத் தடவை அவர் யாரையும் நினைக்கவில்லை. அடுத்த கூம்பை மட்டும் பார்க்கிறார். திரும்பும் முன் வேகத்தைக் குறைக்கிறார். கார் முன்பை விட மெதுவாகப் போவது போல் தோன்றுகிறது. முடிவில் பார்த்தால் 62.1 வினாடி. ஒரு கூம்பும் விழவில்லை. வெற்றி!

மூன்று ஓட்டங்களில் நிதானமான ஓட்டம்தான் ஜெயித்தது. மற்ற இரண்டு தடவையும் அவரைத் தோற்கடித்தது குமாஸ்தா அல்ல. அவருடைய சொந்த அவசரமே!

ஓட்டியவரே தொண்டர்

இந்தப் போட்டியில் இன்னொரு விசேஷம் உண்டு. ஓட்டி முடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. அடுத்த கோஷ்டி ஓட்டும்போது, முன்பு ஓட்டியவர்கள் வெயிலில் பாதை ஓரம் நிற்க வேண்டும். விழுந்த கூம்பை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆபத்து என்றால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். டாக்டர் ஆனாலும் சரி, மெக்கானிக் ஆனாலும் சரி, எல்லோருக்கும் இந்த வேலை உண்டு. எதிரியின் கூம்பை எடுத்து வைப்பவரும் எதிரியே!

இந்தச் சங்கத்தின் ஆட்டோகிராஸ் போட்டிகளுக்கு 1973 முதல் தேசிய அளவிலும் பந்தயம் நடக்கிறது. 2009-ல் தொடங்கிப் பல ஆண்டுகளாக நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்தில் அது நடந்து வருகிறது. அதுவும் பழைய விமானப் படைத் தளம்தான். ஆயிரம் பேருக்கு மேல் வந்து கூடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாதையாக இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் மூன்றே ஓட்டம். இரண்டு நாளின் சிறந்த நேரங்களையும் கூட்டி வெற்றியை நிர்ணயிக்கிறார்கள். ஆறு நிமிஷம் ஓட்டுவதற்காக இரண்டாயிரம் மைல் காரோட்டி வருகிறவர்களும் உண்டு!

மாலையில் போட்டி முடிகிறது. குடையும் பொம்மையும் மறுபடி காருக்குள் ஏறுகின்றன. காரில் ஒட்டிய எண்ணை உரித்துவிட்டால் அது பழையபடி குடும்பக் கார். திரும்பும் வழியில் யாராவது சீறிக்கொண்டு முந்திப் போனால் ஆசிரியை வழிவிட்டு ஒதுங்குகிறார். முந்திப் பார்க்கும் ஆசை அவருக்கு மைதானத்திலேயே தீர்ந்துவிட்டது.

மைதானத்தில் அவசரப்பட்டால் போவது இரண்டு வினாடி. தெருவில் அவசரப்பட்டால் போவது ஓர் உயிர். கூம்பை நிமிர்த்தி வைத்துவிடலாம். உயிரை நிமிர்த்தி வைக்க முடியுமா?