வேலியில் படர்ந்திருப்பது கோவையா?

வேலியில் ஏறும் காட்டுக்கொடியை இலை பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோவையிடம் அது நடக்காது. ஒரே கொடியில் ஓர் இலை ஐந்து மூலையோடு முழுசாக இருக்கும். நாலு கணு தள்ளி இன்னொன்று ஆழமாகப் பிளந்திருக்கும். அதனால் கணுவைப் பாருங்கள்.

பற்றுக்கம்பி எங்கிருந்து கிளம்புகிறது? பிரண்டையில் இலைக்கு நேரெதிரே. சிறுபூனைக்காலியில் இலைக்காம்பின் கக்கத்தில். கோவையும் சேர்ந்த வெள்ளரிக் குடும்பத்தில் இலைக்காம்புக்குப் பக்கவாட்டில் விலகி முளைக்கும். பிறகு பூவைத் திருப்புங்கள். பெண்பூ என்றால் இதழுக்குக் கீழே பிஞ்சு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஆண்பூவில் வெறும் காம்பு. இவை இரண்டும் பொருந்தினால் குடும்பத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

நம் பக்கம் பெரிய குழப்பம் கோவைக்கும் ஐவிரலிக்கும்தான். இரண்டின் காயும் பச்சையில் வெள்ளை வரி போட்டிருக்கும். கறிக்குப் பறிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஐவிரலிக்காய் தின்னக் கூடாதது. கோவை நீளவாட்டம், பழுத்தால் முழுச் சிவப்பாகிவிடும். ஐவிரலி உருண்டை, சிவந்த பிறகும் வெள்ளை வரி போகாது. பழமில்லாத நாளில் பற்றுக்கம்பியே சொல்லும்: கோவைக்கு ஒற்றை, ஐவிரலிக்கு நுனி இரண்டாகப் பிரிந்தது. கோவைப்பூ பெரிய வெள்ளை. ஐவிரலிப்பூ வெளிர்மஞ்சளில் சின்னது, ஆணும் பெண்ணும் ஒரே கணுவில் கொத்தாக வரும்.

கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்காத கொடியை மலடு என்று வெட்டி எறிகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. அது ஆண்கொடி, பக்கத்துப் பெண்கொடிகளுக்கு மகரந்தம் தருவது அதுதான்.

இதே குடும்பத்து முசுமுசுக்கையைக் கண்டுபிடிக்க விரல் போதும். இலையும் தண்டும் சொரசொரவென்று இருக்கும், பூ சின்ன மஞ்சள், காய் ஒரு சென்டிமீட்டர்தான். சளிக்கு அடையில் அரைத்துப் போடும் இந்தக் கொடியை 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மதராஸின் பெயரோடு வெள்ளரிப் பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் தனியாகப் பிரித்தார்கள். மரபணு ஆராய்ச்சி மறுபடியும் வெள்ளரியோடு சேர்த்துவிட்டது.

எதையும் நாக்கில் வைத்துச் சோதிக்காதீர்கள். இந்தக் குடும்பத்தின் கசப்பு குகர்பிட்டாசின் என்ற பொருளால் வருவது. வேகவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும். காட்டுக்கோவையும் கசக்கக்கூடும் என்பதால் ருசி எதையும் தீர்மானிக்காது. ஒரு காயைக் கொடியிலேயே விட்டுவைத்து, சிவந்ததும் வரி இருக்கிறதா என்று பாருங்கள்.